செவ்வாய் அக்கா நிறுத்திய டிரையர்

உங்கள் வீட்டு டிரையரில் ஒரு தடவை போடும் துணி உலர எத்தனை நிமிடம் ஆகிறது, தெரியுமா? யாரையும் கேட்காமல், எழுந்து போய்ப் பார்க்காமல், இப்போதே சொல்லுங்கள் பார்க்கலாம்.

தெரிந்திருக்காது. செல்பேசியில் எத்தனை சதவீதம் மிச்சமிருக்கிறது என்று தெரியும். எதிர்வீட்டுக்காரர் நேற்று எத்தனை மணிக்குத் திரும்பினார் என்றுகூடத் தெரிந்திருக்கும். வீட்டுக்குள் வாரம் நான்கு முறை நெருப்பைப் போல் காய்ந்து ஓடும் ஒரு பெட்டியைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாது. அதைத் தெரிந்துவைத்திருப்பவர் வேறு ஒருவர். எங்கள் தெருவில் ஐந்து வீட்டு டிரையர்களின் நிமிடக் கணக்கும் அவருக்கு மனப்பாடம்.

அவர் வீடு வீடாகப் போய்த் துணி துவைத்து, உலர்த்தி, தேய்த்து, மடித்து அலமாரியில் வைப்பவர். ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்தில் ஒரு நாள். செவ்வாய்க்கிழமை போகும் வீட்டில் அவர் பெயர் செவ்வாய் அக்கா. எங்கள் வீட்டில் வெள்ளி அக்கா. ஒருமுறை பேருந்து வேலைநிறுத்தத்தால் ஒரு நாள் தள்ளி வந்தபோது எங்கள் வீட்டில் ஒருவர் சத்தமாகச் சொன்னார்: “வெள்ளி அக்கா இந்த வாரம் சனிக்கிழமை வந்திருக்காங்க.” எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை அவரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிட ஆளே இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஓர் அச்சகத்துக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. கணவர் இறந்து பதினோரு வருடம். மகள் தொலைதூர நகரத்தில் வேலையில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் குரல் செய்தி வரும்: “அம்மா, சாப்டியா, முட்டி வலி எப்படி இருக்கு, சரிம்மா அப்புறம் பேசறேன்.” ஒன்பது நொடி. அதை இவர் திங்கட்கிழமை பேருந்தில் இன்னொரு முறை போட்டுக் கேட்பார். ஊர்த் துணியையெல்லாம் மொறுமொறுவென்று உலர்த்தும் இவர் அறையில் குறுக்கே ஒரு கயிறுதான். மழைக்காலத்தில் ஈரப் புடவைக்குக் கீழேதான் படுக்கை.

வீட்டு வேலைக்கு வருவதற்குமுன் பத்தொன்பது வருடம் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக் கூடத்தில், உலர்த்தும் பிரிவில் வேலை. படுக்கை விரிப்பு, அறுவை அங்கி, போர்வை. ஒரு நாளைக்கு ஒரு மலை. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வேலைக்கு வந்ததும் முதல் காரியம், நீளக் கம்பித் தூரிகையை எடுத்துக் காற்றுக்குழாயைத் துடைப்பது. துணி உலரும்போது அதிலிருந்து பிரியும் பிசிறு பஞ்சு அந்தக் குழாயில் போய்ப் படியும். படிந்தால் சூடான ஈரக்காற்று வெளியே போகாது. போகாத சூடு பஞ்சிலேயே தங்கும். பஞ்சுக்கு எரியச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு வருடம் புதிய மேற்பார்வையாளர் வந்தார். துடைக்கிற அரைமணி நேரம் வீண், அதில் இன்னும் இருநூறு விரிப்பு உலர்த்தலாம் என்றார். வழக்கம் நின்றது. மூன்றாவது வாரம் நான்காம் எந்திரம் பற்றிக்கொண்டது. பக்கத்தில் நின்ற தோழிக்கு இரண்டு முன்கையும் வெந்தது. விசாரணை அறிக்கையில் ‘ஊழியரின் கவனக்குறைவு’ என்று எழுதினார்கள். கவனித்துக்கொண்டிருந்தவர்களை நிறுத்தியது யார் என்று அதில் ஒரு வரி இல்லை. அடுத்த வருடம் சலவையை வெளியாருக்குக் கொடுத்துவிட்டு முப்பது பெண்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இவர் வீட்டு வேலைக்கு வந்தது இப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை வீட்டில் மூன்று பேர். கணவர் கல்லூரியில் இயற்பியல் நடத்துபவர். தெருவே அவரைப் பேராசிரியர் என்றுதான் சொல்லும். மனைவி பல் மருத்துவர். பேராசிரியரின் அக்கா, கணவரைப் பிரிந்து வந்து தம்பியோடு இருப்பவர், தன் அறையில் உட்கார்ந்தபடியே காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஏதோ நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு நாள் முழுக்கப் பதில் சொல்பவர்.

பல் மருத்துவர் இவர் வருவதற்குள் கிளம்பிவிடுவார். குளிர்பெட்டிக் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ‘அக்கா, வெள்ளைச் சட்டைகள் தனியாக.’ ‘அக்கா, நீலத் துண்டு நிறம் போகிறது.’ கடைசியில் ஒரு சிரிக்கும் முகம். அந்த முகத்தை வரைந்துவிட்டால் பேசியது போலத்தான் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். நான்கு வருடத்தில் இவர் அந்த அம்மாவை நேரில் பார்த்தது பத்துத் தடவை இருக்கும். பேராசிரியரின் அக்கா பக்கத்து அறையிலேயே இருந்தும், நாள் முழுக்க “தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்று முகம் தெரியாதவர்களிடம் பணிவாகச் சொல்லும் அந்தக் குரல், சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவரிடம் ஒருநாளும் ஒரு சொல் பேசியதில்லை. எந்திரம் ஓடுகிற ஓசைதான் இவருக்குத் துணை. ஓசை கொஞ்சம் மாறினாலும் இவர் தலைநிமிர்வார்.

மருத்துவமனைப் பழக்கம் விடவில்லை. துணி போட்ட நேரம், எடுத்த நேரம், இரண்டையும் சோப்புத்தூள் அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் பென்சிலால் குறித்துவைப்பார். அந்த வீட்டில் ஒரு தடவைக்கு நாற்பத்திரண்டு நிமிடம். மழைக்காலம் தொடங்கியபோது அது ஐம்பத்தைந்து ஆனது. பிறகு எழுபது.

முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டார். அடுத்த வாரம் துணியைப் பாதியாகக் குறைத்துப் போட்டார். அறுபத்தைந்து. அதற்கு அடுத்த வாரம் துவைக்கும் எந்திரத்தில் இரண்டு முறை பிழியவிட்டு எடுத்துப் போட்டார். அறுபத்தெட்டு. கதவுக்குள் இருக்கும் பஞ்சுச் சல்லடையைக் கழற்றி, பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவிக் காயவைத்து மாட்டினார். மாற்றமில்லை. ஒரு வாரத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே வைத்துப் பார்த்திருக்கிறார். சோதனைச்சாலையில் இதற்குப் பெரிய பெயர் உண்டு. சோப்புப் பெட்டியின் மேல் எழுதினால் எந்தப் பெயரும் கிடையாது.

வேறு அடையாளங்களும் சேர்ந்தன. துண்டுகள் கையைச் சுடும், ஆனால் மடிப்புக்குள் விரலை விட்டால் ஈரம். அந்தப் பின்னறையின் சன்னல் கண்ணாடி வியர்த்து வழிந்தது. எந்திரத்துக்குப் பின்னால் சுவரில் சாம்பல் நிறப் பூச்சு மாதிரி பஞ்சு ஒட்டியிருந்தது. ஒருநாள் எந்திரம் தானாகவே நடுவில் நின்றது. கால்மணி நேரம் ஆறவிட்டுப் பொத்தானைத் தட்டினால் ஓடியது.

எந்திரத்தின் முதுகிலிருந்து சுருக்குக்குழாய் ஒன்று சுவருக்குள் போய், வீட்டின் பக்கச் சந்தில், தலைக்கு மேலே இரண்டு முழ உயரத்தில் வெளியே வரும். வாயில் மெல்லிய தகட்டு மூடி. எந்திரம் ஓடும்போது உள்ளிருந்து வரும் காற்று அந்த மூடியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இவர் எந்திரத்தை ஓடவிட்டுச் சந்துக்குப் போனார். மூடி சாத்தியபடி இருந்தது. துடைப்பக் கழியின் நுனியில் ஒரு தையல் நூலைக் கட்டி மூடியருகே உயர்த்திப் பிடித்தார். நூல் அசையவில்லை. கை வலிக்கும்வரை பிடித்துக்கொண்டே நின்றாராம். எதிர்ச் சன்னலிலிருந்து பார்த்த ஒரு குழந்தை, மீன் பிடிக்கிறீர்களா என்று கேட்டதாம். அந்த நாளில் அவரிடம் நேராகப் பேசிய ஒரே ஆள் அந்தக் குழந்தைதான்.

அன்று குளிர்பெட்டிக் கதவில் இவரும் ஒரு சீட்டு ஒட்டினார். ‘டிரையர் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது. சுத்தம் செய்யும்வரை ஓட்ட வேண்டாம்.’ அடுத்த செவ்வாய் பதில் இருந்தது. ‘அக்கா, ஒரே நேரத்தில் நிறையப் போடாதீர்கள்.’ சிரிக்கும் முகம்.

அன்றைக்கு வேலை முடிந்தும் இவர் கிளம்பவில்லை. பேராசிரியர் வரும்வரை பின்னறையில் நின்றார். நின்றுகொண்டேதான்.

பேராசிரியர் பையைக்கூட இறக்கவில்லை. “என்னக்கா, இன்னும் போகலையா?”

“சார், வெளில அந்த மூடி தூக்கவே மாட்டேங்குது. காத்து போகல. உள்ள பஞ்சு அடைச்சிருக்கு.”

“அதுக்கு வாய்ப்பில்லக்கா. போன கோடைல எலி ஒண்ணு அந்த வழியா வந்துச்சு. அப்புறம் நான்தான் ஏணி போட்டு ஏறி, மூடிக்கு உள்பக்கம் கம்பிவலை கட்டினேன். சன்னலுக்குப் போட்டது மிச்சம் இருந்துச்சு.”

“கொசு வராம போடற வலையா சார்?”

“ஆமா. ஏன்?”

“கொசுவே போகாத ஓட்டைல பஞ்சு எப்படி சார் போகும்?”

அவருக்கு முகம் இறுகிவிட்டது. அந்த வலை அவருக்குச் சாதாரண வலையில்லை. வாழ்நாளில் அவர் தன் கையால் செய்து முடித்த ஒரே வீட்டு வேலை. வந்த விருந்தாளிகளையெல்லாம் சந்துக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். எங்களுக்கும் காட்டினார்.

பேச்சுச் சத்தம் கேட்டு அவருடைய அக்கா ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிக்கொண்டு வந்தார். “நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதே தம்பி. சில பேர் கைக்கு ராசி கிடையாது. இஸ்திரிப்பெட்டி போச்சு. அப்புறம் துவைக்கிற மெஷின் போச்சு. இப்போ இது. யார் கை பட்டுப் போச்சுன்னு நீயே யோசிச்சுக்கோ.”

“தினமும் தொடறவ கைலதான் மேடம் கெட்டுப்போகும்,” என்றார் செவ்வாய் அக்கா. “தொடாதவங்க கைல எப்படிக் கெட்டுப்போகும்?”

“பாத்தியா, வாய மட்டும் பாரு.”

நீரின் ஆவியாதலை வருடத்துக்கு மூன்று வாரம் நடத்துகிற மனிதர் அங்கே நின்றுகொண்டிருந்தார். காற்று போக வழியில்லாவிட்டால் ஈரம் எங்கே போகும் என்று ஒரு முதலாண்டு மாணவன் சொல்லிவிடுவான். அவர் தன் அக்காவின் முகத்தைப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்த்தார். “சரிக்கா, அடுத்த வாரத்துலேருந்து நீங்க துவைச்சு மட்டும் குடுங்க. டிரையரை எங்க அக்கா பாத்துக்குவாங்க,” என்று சொல்லிவிட்டுக் காலணியைக் கழற்றப் போனார். ராசி என்ற சொல்லுக்கு ஒரு வசதி உண்டு. அதைச் சொன்ன பிறகு யாரும் ஏணி எடுத்து ஏறிப் பார்க்க வேண்டியதில்லை.

அன்று இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறியதாக என்னிடம் சொன்னார். ஏன் என்று கேட்டேன். “ரூமுக்குப் போனா மட்டும் யார்கிட்ட சொல்லப்போறேன்,” என்றார்.

அடுத்த செவ்வாய் பேராசிரியரின் அக்கா தடித்த மெத்தை விரிப்பு இரண்டைச் சேர்த்துத் திணித்து, எந்திரத்தை உச்சச் சூட்டில் வைத்துவிட்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் எந்திரம் தானாக நின்றது. வெளியே வந்து தட்டிவிட்டுப் போனார். மறுபடி நின்றது. மறுபடி தட்டினார்.

செவ்வாய் அக்கா தேய்ப்புப் பலகையில் சட்டை விரித்துக்கொண்டிருந்தார். முதலில் வந்தது ஒரு வாடை. இஸ்திரியில் பருத்தி கருகினால் வரும் வாடை. தன் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். சட்டையில் ஒன்றுமில்லை. பின்னறைக்குப் போய் டிரையரின் மேல் கையை வைத்தார். மூன்று எண்ணுவதற்குள் எடுக்க வேண்டியிருந்தது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார்.

ஓசை நின்றதும் பேராசிரியரின் அக்கா வந்தார். “யாரு நிறுத்தச் சொன்னது?”

“கருகுது மேடம்.”

“உன்னைத் தொட வேணாம்னு சொன்னோமா இல்லையா? நகரு.”

“நகர மாட்டேன்.”

“விரிப்பு உள்ள இருக்கு, கதவையாவது திறக்க விடு.”

“கதவை மட்டும் திறக்காதீங்க. உள்ள காத்து போச்சுன்னா பத்திக்கும். கொஞ்ச நேரம் ஆறட்டும்.” சொல்லிவிட்டு, துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு, பிளக் செருகும் இடத்துக்கு முன்னால் அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். பிளக் கையிலேயே இருந்தது.

பேராசிரியரின் அக்கா தம்பியைக் கூப்பிட்டார். வகுப்பை விட்டுவிட்டு அவர் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் இரண்டு பெண்களும் அந்த அறையில் எதிரெதிரே இருந்தார்கள். ஒருவர் நின்றபடி, ஒருவர் கூடை மேல். நான்கு வருடத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்திருந்த நீண்ட நேரம் அதுதான்.

“என்னக்கா இது, உண்ணாவிரதமா?” என்றபடி வந்தார் பேராசிரியர்.

“சார், ஏணி எடுங்க. அந்த வலையை மட்டும் கழட்டிப் பாருங்க. ஒண்ணும் இல்லன்னா நான் இப்பவே சாவியைக் குடுத்துட்டுப் போயிடறேன். நீங்க கூப்பிட்டாலும் வர மாட்டேன்.”

ஒரு வீட்டை இழப்பது அவருக்குச் சின்ன விஷயமில்லை. ஐந்தில் ஒரு நாள் போகும். ‘ராசி இல்லாதவர்’ என்ற பேச்சு அடுத்தடுத்த வீட்டுக்கும் பரவும். தெரிந்துதான் சொன்னார்.

பேராசிரியர் ஏணியில் ஏறினார். மூடியைத் தூக்கினார். வலை தெரியவில்லை. அந்த இடத்தில் சாம்பல் நிறக் கம்பளித் தட்டு ஒன்று இருந்தது, உள்ளங்கை கனத்துக்கு. கட்டுக்கம்பியை அறுத்து இழுத்தபோது அதன் பின்னால் ஒரு கைநீளத்துக்குப் பஞ்சு குழாய் வடிவத்திலேயே உருவிக்கொண்டு வந்தது. வெளிப்பக்கம் சாம்பல் நிறம். பிறகு பழுப்பு. உள்ளே எந்திரத்தை இழுத்துச் சுருக்குக்குழாயைக் கழற்றியபோது, அந்தக் கடைசிப் பஞ்சின் ஓரம் கருப்பு. தொட்டதும் உதிர்ந்தது.

சுருக்குக்குழாய் போகும் சுவருக்கு மறுபக்கம் பேராசிரியரின் அக்காவின் நாற்காலி. காதை மூடிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு அவர் உட்காரும் இடம்.

“கடவுள் காப்பாத்தினார்,” என்றார் அந்த அம்மா.

பிளக்கைப் பிடுங்கிய கைக்குச் சொந்தக்காரர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அவர் உதிர்ந்த பஞ்சைக் கூட்டி அள்ளினார். பாதியில் விட்டுவந்த சட்டையைத் தேய்த்து முடித்தார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது சற்று நின்றாராம், யாராவது கூப்பிடுவார்களோ என்று.

அன்று மாலை எங்கள் தெருக்காரர்களின் செல்பேசிக் குழுவில் பேராசிரியரிடமிருந்து செய்தி வந்தது. ‘நண்பர்களே, ஓர் எச்சரிக்கை. இன்று எங்கள் வீட்டு டிரையரின் காற்றுக்குழாயைப் பரிசோதித்தபோது அபாயகரமான அடைப்பைக் கண்டுபிடித்தோம்.’ கீழே அடையாளங்களைச் சொல்லியிருந்தார். உலர நேரம் கூடுவது, துணி சூடாக இருந்தும் ஈரம் போகாதது, அறை வியர்ப்பது, மூடி தூக்காதது, கருகல் வாடை. எல்லாம் சரியான அடையாளங்கள்தான். பதினேழு பேர் கைதட்டினார்கள். ‘அறிவியல் பார்வை என்றால் இதுதான் சார்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நானும் கைதட்டினேன். ‘கண்டுபிடித்தோம்’ என்பதில் அந்த ‘ஓம்’ யார் யார் என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பேராசிரியரின் கண்டுபிடிப்பைப் பற்றி நான்தான் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே தலையணை உறையை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். பிறகுதான் மேலே எழுதிய எல்லாவற்றையும் சொன்னார். ஒரு தடவைகூடக் குரல் உயரவில்லை.

அடுத்த செவ்வாய் அந்த வீட்டுக் குளிர்பெட்டியில் கடைசிச் சீட்டு இருந்தது. ‘அக்கா, இனி நாங்களே பார்த்துக்கொள்கிறோம். சாவியை மேசையில் வைத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் நன்றி.’ பேராசிரியரை வழியில் பார்த்தபோது காரணம் கேட்டேன். “ரொம்ப நல்லவங்கதான். ஆனா வீட்டுல எல்லாருக்கும் கொஞ்சம் சங்கடமா இருக்கு, புரியுதில்ல?” என்றார். புரிந்தது. தவறு செய்ததைப் பார்த்தவர் வாரம் ஒருமுறை வீட்டுக்குள் நடமாடினால் சங்கடமாகத்தான் இருக்கும். அந்தச் சங்கடத்துக்கு விலை இவருடைய செவ்வாய்க்கிழமை.

குழுவில் உண்மையை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். “எழுதி என்ன ஆகப்போகுது,” என்றார். அடுத்த துணியை எடுத்து மடித்துக்கொண்டே, “உங்க வீட்டு மெஷினும் போன மாசத்துலேருந்து அறுபது நிமிஷம் எடுக்குது. ரெண்டு தடவை சொன்னேன். நீங்க போன்ல இருந்தீங்க,” என்றார்.

எங்கள் குழாயிலிருந்து ஒரு வாளி பஞ்சு வந்தது.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அவர் அறையிலேயே இருக்கிறார். கீழே அச்சு எந்திரம் ஓடும். மதியத்துக்குமேல் அதுவும் நிற்கும். அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “சும்மாதான் இருப்பேன். அவங்க சண்டை போட்டிருந்தாக்கூடப் பரவால்ல. நீ சொன்னது சரின்னு ஒரு வார்த்தை, அந்த அம்மா இருக்கும்போதே சொல்லியிருக்கலாம். அதைத்தான் நெனச்சுட்டு இருப்பேன்.”

குழுவில் நான் எழுதினேன். இந்த முறை கைதட்டியவர்கள் இரண்டு பேர். என் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, அவர்கள் முன்னால், நீங்கள் சொன்னது சரி என்று அவரிடம் சொன்னேன். ஆனால் அவர் காத்திருந்தது எங்கள் வீட்டுச் சொல்லுக்கு அல்ல.

உங்கள் வீட்டில் துணி மடிப்பவரோ, தரை துடைப்பவரோ, சமைப்பவரோ எப்போதாவது உங்களிடம் எதையாவது சொல்லியிருப்பார். சுவர் சுடுகிறது, குழாய் கசிகிறது, ஏதோ வாடை வருகிறது என்று. நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். இதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், அவர் காட்டிய இடத்தில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள். அவர் சொன்னது சரியென்றால், எந்த ஆட்கள் முன்னால் அவரைத் தட்டிக்கழித்தீர்களோ, அதே ஆட்கள் முன்னால், சரி என்று அவரிடம் சொல்லுங்கள்.